நாற்பத்தொன்றாம் பக்கம்

ஜூன் 5, புதன்

இல்லை, ஏமாற்றம் என்று அதைச் சொல்ல முடியாது. ஏமாற்றம் என்றால் பெயர் எங்குமே இல்லாமல் போயிருக்க வேண்டும். என் பெயர் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான்.

காலை பதினொரு மணிக்குப் பட்டியல் வந்தது. வடக்கே ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் முதுநிலைக் கணிதம். நாடு முழுவதற்கும் முப்பது இடங்கள்; அதில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு எட்டு. எட்டாவது பெயர் மாரிக்கனி. அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, காத்திருப்பு எண் ஒன்று: வினோதினி. நான்.

சாத்தூரிலிருந்து இரண்டு பேர் அடுத்தடுத்து. கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சு. அங்கேயும் அவள் முதலில், சன்னல் ஓரம். நான் அடுத்து.

எட்டுப் பேரும் ஜூன் 20 மாலை ஐந்து மணிக்குள் சான்றிதழ்களை இணையத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாதவர், தவறாக ஏற்றியவர் இடம் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குப் போகும். இரண்டாம் பட்டியல் 24ஆம் தேதி.

சாயங்காலம் கனி வந்தாள். சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத முகம். கையில் காராச்சேவுப் பொட்டலம்.

"எங்கம்மா குடுத்துவிட்டுச்சு. ரெண்டு பேருக்கும்னு சொல்லித்தான் குடுத்துச்சு."

"நான் கோட்டுக்குக் கீழ."

"கோடு என்னடி கோடு. எட்டுப் பேருல ஒருத்தன் பாம்பேக்குப் போயிருவான். ஒருத்திக்குக் கல்யாணம் வச்சிருவாங்க. நீ பெட்டியக் கட்டு."

சேவு காரம். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 6, வியாழன்

தண்ணீர் வரும் நாள். பதினான்கு குடம், இரண்டு அண்டா.

மதியம் எட்டுப் பேரையும் இணையத்தில் தேடினேன். மூன்றாவது, பாலக்காட்டுப் பெண். ஐந்தாவது, ஒடிசாக்காரன், செஸ் ஆடுவான் போலிருக்கிறது. அவளுக்கு வெளிநாட்டில் இடம், இவனுக்கு அரசாங்க வேலை என்று ஏழு பேருக்கும் ஆளுக்கொன்று யோசித்து வைத்தேன். எல்லாம் நல்ல காரணங்கள். எட்டாவதற்கு எதுவும் யோசிக்கவில்லை.

அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். "யாருக்கும் கெடுதல் வேணாம் தாயே. எட்டுல ஒண்ணுக்கு இதவிட நல்லதா எங்கிட்டாச்சும் குடுத்துரு."

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "அம்மனுக்கே கண்டிஷன் போடுறியா" என்றார்.

ஜூன் 7, வெள்ளி

கனி தன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தரையில் பரப்பினாள்.

"எல்லாம் இருக்கான்னு பாரு. உங்கப்பா மாதிரி படிச்சுப் பாக்க எங்க வீட்ல யாரு இருக்கா."

அப்பா கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா. நாங்கள் விண்ணப்பித்தபோது அந்த நிறுவனத்தின் கையேட்டை, அறுபத்திரண்டு பக்கம், அச்செடுத்து, தாள் தாளாகப் படித்து, முக்கியமான இடங்களில் மஞ்சள் பேனாவால் கோடு இழுத்தவர். கனிக்கு அப்பா இல்லை. அவள் அம்மா பேச்சியம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிறாள். அங்கே கழிக்கப்படும் லேபிள் தாள்களின் பின்பக்கத்தில்தான் கனி கணக்குப் போடுவாள். திருப்பினால் வரிசை வரிசையாக மயில்.

மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், நுழைவுத் தேர்வுச் சீட்டு. சாதிச் சான்றிதழ் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே வாங்கிக் கொடுத்தது. லேமினேட் செய்திருந்தாள். ஒரு சுருக்கம் இல்லை.

"எல்லாம் இருக்கா?"

"இருக்கு."

பிறகு வெள்ளரிக்காய் நறுக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் போட்டுத் தின்றோம்.

ஜூன் 8, சனி

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கனி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டாள். பச்சை டிக் வந்திருக்கிறது. படம் எடுத்து அனுப்பினாள். கட்டைவிரல் அனுப்பினேன்.

ஜூன் 9, ஞாயிறு

மூன்று ஃபேன்களையும் துடைத்தேன்.

ஜூன் 10, திங்கள்

சாப்பிடும்போது அப்பா கேட்டார். "கனி சென்ட்ரலுக்கு உள்ள சர்டிபிகேட் வாங்கிருச்சாம்மா? ஏப்ரல்ல நம்மகூட வரலையே."

"வாங்கியிருப்பா."

"எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்க."

ரசம் போதும் என்றேன். ஊற்றியே இருக்கவில்லை.

ஏப்ரல் நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவும் நானும் இ-சேவை மையத்துக்கு மூன்று தடவை அலைந்தோம். மாநில அரசு கொடுக்கும் சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும். மத்திய அரசு நிறுவனங்கள் அதை ஏற்பதில்லை. அவர்களுக்கு வேறு படிவம். அதுவும் ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு, அந்தந்த வருடத்துக்குப் புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வருடா வருடம் சறுக்கும் இடம் இதுதான் என்று மையத்தில் இருந்த அக்கா சொன்னார். "பச்சை டிக் வந்துரும். அது ஏறிருச்சுன்னுதான் காட்டும், சரியா இருக்குன்னு காட்டாது. கடைசில போச்சுன்னு வந்து நிப்பாங்க."

இதை எதற்கு இங்கே எழுதுகிறேன். நினைவிருக்கிறது, அதனால்.

ஜூன் 11, செவ்வாய்

இஸ்திரி. பழைய நாவல் ஒன்றில் நாற்பது பக்கம்.

ஜூன் 12, புதன்

ஒவ்வொருவரும் வராமல் போவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், எட்டுப் பேரில் ஒருவராவது வராமல் போவதற்கான நிகழ்தகவு பாதிக்குச் சற்று மேல். ஐம்பத்தேழு சதவீதம். எட்டுப் பேரும் சமம் என்று வைத்துக்கொண்டால்.

அப்படி வைத்துக்கொள்ள முடியாது. தாளை மடித்துவிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

கனி வீட்டுக்குப் போனேன். கூப்பிட்டிருந்தாள். பேச்சியம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். கட்டிலில் ஒரு கம்பளிப் போர்வை, விலைச்சீட்டோடு.

"அங்க குளிரும்ல. விருதுநகர் வரைக்கும் போய் வாங்கிட்டு வந்தேன். இந்த வெயில்ல கம்பளி கேக்குறேன்னு கடைக்காரன் என்னைய ஏற எறங்கப் பாக்குறான்." என் தட்டில் இன்னும் ஒரு துண்டு வைத்தாள். "உனக்கும் வந்துரும் தாயி. வந்தா இதையே ரெண்டு பேரும் போத்திக்கங்க. பெருசாத்தான் வாங்கிருக்கேன்."

சாப்பிட்டு முடித்த பிறகு கனி போனைக் காட்டினாள். பாலக்காட்டுப் பெண்ணோடு ஆங்கிலத்தில் நீளமாக உரையாடல்.

"யாருடி இது?"

"மூணாவது. எப்படியோ தேடிப் பிடிச்சேன். வேற எங்கயும் சீட்டு கெடச்சிருக்கா, வரப்போறியா இல்லையான்னு நைஸாக் கேட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? அவ போகலைன்னா நீ உள்ள வருவேல்ல. ஆனா வர்றாளாம். ஒடிசாக்காரனும் வர்றானாம். அவன் பதிலுக்கு என்கிட்ட செஸ் ஆடுவியான்னு கேக்குறான்." ஒடிசாக்காரன் மேல் நிஜமாகவே எரிச்சலாக இருந்தாள். "இன்னும் அஞ்சு பேரு பாக்கி. விசாரிக்கிறேன், இரு."

கை கழுவ எழுந்தேன். குழம்பு வாசம் சோப்புக்குப் போகவில்லை.

ஜூன் 14, வெள்ளி

கேட்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் கேட்டாள். ஏழாம் தேதி. எல்லாம் இருக்கா என்று கேட்டாள். இருக்கு என்றேன்.

ஜூன் 15, சனி

காலை எட்டரைக்கு அவள் வீட்டுக்குப் போனேன். தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"கனி, நீ ஏத்தின சாதிச் சான்றிதழ் செல்லாது. அது ஸ்டேட்டுக்கு. சென்ட்ரலுக்கு வேற வாங்கணும். இந்த வருசத் தேதியில."

பின்னலைப் பாதியில் விட்டாள். சீப்பு முடியிலேயே நின்றது. நான் அடுத்த கேள்விக்காக நின்றேன். வழியெல்லாம் அதற்கான பதிலைத் தயார் செய்திருந்தேன். நேற்றுத்தான் கவனித்தேன் என்பது பதில்.

அவள் கேட்டது, "எங்க போய் வாங்கணும்?"

ஒன்பதரைக்கு இ-சேவை மையம். விண்ணப்பம் போட்டு ரசீது வாங்கினோம். அது முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் போகும், பிறகு வருவாய் ஆய்வாளர், கடைசியில் தாசில்தார். மூவரும் கணினியில் ஒப்புதல் கொடுத்தால்தான் சான்றிதழ். மையத்து அக்கா நாள்காட்டியைப் பார்த்தார்.

"இன்னைக்கு சனி. நாளைக்கு ஞாயிறு. திங்கள் பக்ரீத் லீவு. செவ்வாய்லருந்து ஜமாபந்தி. ஒரு பத்து நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா?"

கனி, "தெரியலக்கா" என்றாள்.

நான் ரசீதை மடித்து அவளிடம் கொடுத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "நல்லது" என்றார். அம்மா, "எட்டுல ஒண்ணுன்னுதான கேட்டேன். எதுன்னு நான் சொல்லலையே" என்றாள், அடுப்பைப் பார்த்து.

ஜூன் 17, திங்கள்

விடுமுறை. பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. நன்றாகத் தூங்கினேன். பல நாட்களுக்குப் பிறகு.

ஜூன் 18, செவ்வாய்

ஜமாபந்தி என்றால் கிராமக் கணக்குகளை வருடத்துக்கு ஒருமுறை மேலதிகாரி உட்கார்ந்து சரிபார்க்கும் நாட்கள். தாலுகா அலுவலகம் முழுக்கப் பந்தல். எல்லாக் கிராம அலுவலர்களும் துணியில் கட்டிய பதிவேடுகளோடு அங்கேயே. கனியின் கிராம அலுவலரை வேப்பமரத்தடியில் பிடித்தோம். பேச்சியம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"ஜமாபந்தி முடியட்டும் தாயி. லேப்டாப்பத் தெறக்கவே நேரமில்ல."

"ஐயா, ரெண்டு நிமிசம் தெறந்து ஒரு அமுக்கு அமுக்கிருங்க. எம்பிள்ள அம்புட்டுத் தொலவு படிக்கப் போகுது."

"தெறந்தா ஆச்சா? நெட்டு வரணும்ல ஆத்தா. இங்க ஐநூறு பேரு போன நோண்டுறான்."

"நெட்டு எங்க பிள்ள போன்ல இருக்குய்யா. இன்னைக்குத்தான் போட்டோம். முழுசா இருக்கு, எடுத்துக்கங்க."

அவர் சிரித்துவிட்டார். பதிவேட்டு மூட்டை மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தார். கனி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், அபிஷேகத்துக்குச் செம்பு பிடிப்பது மாதிரி. பன்னிரண்டு நிமிடம். ஒப்புதல் போய்விட்டது.

பேச்சியம்மா என் கன்னத்தைத் தடவினாள். "நீ மட்டும் சொல்லலைன்னா எங்களுக்கு என்ன தெரியும்."

நான் எல்லோருக்கும் சர்பத் வாங்கி வந்தேன்.

ஜூன் 19, புதன்

வருவாய் ஆய்வாளர் மதியம் ஒப்புதல் கொடுத்தார். இனி தாசில்தார் ஒருவர்தான்.

நானும் தினம் கூடப் போகிறேன். கையேட்டையும் பையில் எடுத்துப் போகிறேன். எதற்கு என்று கனி கேட்டாள். வெயிலுக்குத் தலையில் பிடிக்க என்றேன். பிடிக்கவும் செய்தேன்.

நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். இனி வந்தால் அவளுக்கு, வராவிட்டால் யார் தவறும் இல்லை. இந்த வரியைக் காலையிலிருந்து நான்கைந்து முறை மனத்துக்குள் சொல்லிவிட்டேன். சரியான கணக்கை யாரும் இத்தனை முறை சரிபார்ப்பதில்லை.

ஜூன் 20, வியாழன்

நீளமாக எழுத வேண்டும். கை வலிக்கிறது, இருந்தாலும்.

பத்து மணியிலிருந்து தாலுகா அலுவலகப் படிக்கட்டு. போனில் நிலவரம் பார்க்கும் பக்கத்தில் ஒரே சொல்: பரிசீலனையில். தாசில்தார் பந்தலில், மேலதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில். இரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது பேச்சியம்மா கும்பிட்டுக்கொண்டு பின்னால் போனாள். "சாயங்காலம் பாக்குறேம்மா" என்றாராம். மூன்றரைக்கு எழுத்தர் வெளியே வந்து, "அய்யா ஆறு மணிக்கு முன்னாடி சிஸ்டத்துல உக்கார மாட்டாரு. வெயில்ல ஏன் காயுறீங்க, வீட்டுக்குப் போங்க" என்றார்.

பேச்சியம்மா மறுபடி பந்தல் பக்கம் போய்விட்டாள். கனி லேபிள் தாளைத் திருப்பி எதையோ போட்டுக்கொண்டிருந்தாள். கணக்கு இல்லை, வெறும் வட்டங்கள்.

"போகட்டும்டி" என்றாள். "எட்டு போனா ஒன்பது. நீ போ. நான் டேஷனுக்கு வந்து டாட்டா காட்டுறேன். உன்னையத் தவிர வேற யாராச்சும் போனாத்தான் எனக்கு எரியும். நீ போனா எனக்குச் சந்தோசம்தான்."

கொஞ்ச நேரம் வட்டம் போட்டாள்.

"பொய்யி. எனக்கு நான்தான் போகணும்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள்.

பையைத் திறந்தேன். கையேட்டை எடுத்து நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். நடுவில் ஒரு பத்தி முழுக்க மஞ்சள். சான்றிதழுக்கு விண்ணப்பித்து இன்னும் கைக்கு வராதவர்கள், விண்ணப்ப ரசீதையும் கையெழுத்திட்ட உறுதிமொழிக் கடிதத்தையும் கடைசித் தேதிக்குள் ஏற்றினால், சேர்க்கை நாள்வரை அவகாசம் உண்டு.

கனி இரண்டு முறை படித்தாள். விரலால் மஞ்சளைத் தொட்டாள்.

"இது யாரு கோடு போட்டது?"

"அப்பா."

"எப்ப?"

"ஏப்ரல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். மூன்று நாளும் வெயிலுக்குப் பிடித்த தாள் அது. பார்த்துவிட்டு, "பேனா இருக்கா" என்றாள்.

கடிதத்தை நான் எழுதினேன். என் கையெழுத்துதான் தெளிவு. மாரிக்கனி ஆகிய நான் என்று தொடங்கும்போது பேனா ஒரு கணம் நின்றது. அவள் கவனித்தாளா தெரியவில்லை. கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை ஓடினோம். அவள் முன்னால், நான் பின்னால். கடைக்காரர் சாவகாசமாக ஸ்கேன் செய்தார். நான்கு முப்பத்தெட்டுக்கு ஏறியது. பழையதை நீக்கிவிட்டு இது. பச்சை டிக்.

கனி கையேட்டைத் திருப்பித் தரவில்லை. கக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிடப் போய்விட்டாள்.

ஜூன் 21, வெள்ளி

சான்றிதழ் நேற்று ஏழு மணிக்கு வந்துவிட்டதாகப் பேச்சியம்மா போனில் சொன்னாள். கனி பேசவில்லை. குளிக்கிறாளாம்.

ஜூன் 22, சனி

தண்ணீர் வரும் நாள். பதினொரு குடம்தான்.

ஜூன் 23, ஞாயிறு

குளிக்கிறாள்.

ஜூன் 24, திங்கள்

இரண்டாம் பட்டியல். எங்கள் பிரிவில் மாற்றம் இல்லை. எட்டுப் பேரும் உறுதி. காத்திருப்புப் பட்டியல் இத்துடன் முடிவடைகிறது என்று கீழே ஒரு வரி.

என் பெயரைத் தேடிப் பார்த்தேன். பழைய பட்டியலில் மட்டும் இருக்கிறது.

அம்மா அழுதாள். நான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அப்பா மதுரைக் கல்லூரிக்குப் போன் செய்து, முதுநிலையில் இடம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. வியாழக்கிழமை அசல் சான்றிதழ்களோடு வரச் சொன்னார்கள். இன்னும் இரண்டு மூன்று நாளுக்கு சீட்டுப் போன வருத்தம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாயங்காலமே இல்லை. வேறு ஒன்று இருந்தது. அது பட்டியலைப் பற்றியது இல்லை.

ஜூன் 26, புதன்

கனி வந்தாள். பதினோரு நாளைக்கு முந்தைய கேள்வியோடு. உட்காரவில்லை.

"எப்பத் தெரியும்?"

வழியெல்லாம் தயார் செய்த பதில் இப்போதும் நாக்கில் இருந்தது.

"ஏழாந்தேதி. நீ ஃபைலைக் காட்டுனப்பவே."

"எட்டு நாளு."

"ம்."

"அந்தப் பக்கம்?"

"அது ஏப்ரல்லயே தெரியும்."

தலையாட்டினாள். எதிர்பார்த்த விடை வந்தபோது வகுப்பில் இப்படித்தான் ஆட்டுவாள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா, நீ சொல்லாம இருந்தேன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. சீட்டும் உனக்கு வந்திருக்கும், நானும் வந்து டாட்டா காட்டிருப்பேன். கேணச்சி மாதிரி." திரும்பினாள். "இப்ப நான் உனக்கு நன்றி சொல்லணுமா, வையணுமா?"

"வையி."

"யோசிச்சு வச்சிருந்தேன். வழியில மறந்துருச்சு."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"எங்கம்மாகிட்ட சொல்லல" என்றாள். "சொன்னா உனக்குச் சோறு போடாது. அதுக்கு உன்னைய ரொம்பப் பிடிக்கும். அது அப்படியே இருக்கட்டும்."

"நீ?"

"நான் அங்க போய் யோசிச்சுச் சொல்றேன். அங்க எனக்கு வேற என்ன வேலை. குளிருல கம்பளியப் போத்திக்கிட்டு உக்காந்து உன்னையப் பத்தி யோசிக்கிறேன்."

கையேட்டை மேசைமேல் வைத்தாள். ஜூலை பத்தொன்பது ரயில் என்றாள், வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கையேட்டைப் புரட்டினேன். நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு. நடுவில் இருந்த தாள் மட்டும் இல்லை. சுத்தமாக, மடித்துக் கிழித்திருக்கிறாள். மீதிப் பக்கங்களை எண் வரிசைப்படி அடுக்கி அப்பாவின் அலமாரியில் வைத்தேன். நாளைக்கு வேண்டிய சான்றிதழ்களைப் பையில் எடுத்து வைத்தேன். பிறகு அம்மா சொன்னபடி இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன்.